மணமாகாதவள் என்பதற்குச் சான்று

1

போன சனிக்கிழமை கள்ளிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா என்னை அழைத்தார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்த்த ஒருத்தியின் அக்கா. அவருடைய மகள் நெதர்லாந்தில் ஒரு டச்சுக்காரரோடு வாழ்கிறாள். இருவரும் தங்கள் உறவை அரசாங்கத்தில் பதிவு செய்யப் போகிறார்களாம். ஊரிலிருந்து என்னென்ன காகிதம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று கேட்டார்.

“நீங்க எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வெப்பீங்களாமே. அதான் உங்ககிட்ட கேளுன்னு என் தங்கச்சி சொன்னா.”

நான் இருக்கும் பெல்ஜியத்தில் கேட்டது எனக்குத் தெரியும், அங்கே என்ன கேட்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று முதலில் சொல்லிவிட்டு, என் பட்டியலைப் படித்தேன். பிறப்புச் சான்று. மணமாகாதவர் சான்று. இரண்டிலும் தலைமைச் செயலகத்தில் ஒரு முத்திரை, வெளியுறவுத் துறையில் இன்னொரு முத்திரை. பிறகு, நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் டச்சு மொழிபெயர்ப்பு; பெல்ஜியத்தில் எங்கள் பகுதியிலும் டச்சுதான். அந்த அம்மா ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

“ஏம்மா, இதெல்லாம் சேந்து இருக்கறதுக்கா, சேந்து இருக்கோம்னு காட்டறதுக்கா?”

நானும் என் துணைவர் ரூடியும் பதிவு செய்து இந்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. பட்டியலில் வராத விஷயங்களையும் எழுதிவைத்தால் அந்த அம்மாவைப் போன்றவர்களுக்கு உதவும் என்று தோன்றியது. அதனால் இந்தக் குறிப்புகள்.

2

எனக்கு வயது நாற்பத்தொன்பது. சொந்த ஊர் திருமுல்லைவாயில். அம்பத்தூர் எஸ்டேட்டில் தர ஆய்வுப் பிரிவில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தேன். எங்கள் நிறுவனம் பெல்ஜியத்தில் ஒரு தொழிற்சாலையோடு கூட்டுச் சேர்ந்தபோது, ஆய்வுப் பிரிவை அமைத்துக்கொடுக்க என்னை அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு என்றது நான்கானது. ரூடியை இங்கேதான் சந்தித்தேன். லிஃப்ட் பழுதுபார்ப்பவர், ஐம்பத்திரண்டு வயது, மணவிலக்கு ஆனவர். எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் நான் அரைமணி நேரம் மாட்டிக்கொண்டபோது கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான். திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “மன்னிக்கவும்.” அடுத்த வாரம் அதே லிஃப்ட் பழுதாகாமலே வந்து சரிபார்த்தார்.

ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். நான் கத்தோலிக்கப் பெண். ரூடி கோயிலில் மணந்து, நீதிமன்றத்தில் விலகியவர். அந்த விலகலைத் திருச்சபை ஏற்காததால் கோயிலில் எங்களுக்குக் கல்யாணம் நடக்க வழியில்லை. கோயில் இல்லாத கல்யாணம் எனக்கு வேண்டாம். இந்த நாட்டில் ‘சட்டப்படி சேர்ந்து வாழ்பவர்கள்’ என்று நகர அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். கல்யாணமும் அல்ல, வெறுமனே ஒரே முகவரியும் அல்ல. அது போதும் என்று முடிவு செய்தோம்.

ஓர் அவசரமும் இருந்தது. தொழிற்சாலையில் என் வேலை டிசம்பரோடு முடிவதாக இருந்தது. வேலை முடிந்தால் தங்கும் அனுமதியும் முடியும். பதிவு நடந்தால் நான் இருக்கலாம். நடக்காவிட்டால் ஜனவரியில் திருமுல்லைவாயிலுக்குத் திரும்ப வேண்டும். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகாரிகளும் முதலில் பார்த்தது இதைத்தான். வேலை முடிகிற ஆண்டில் ஒருத்திக்குத் துணை கிடைக்கிறது. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

ரூடியின் மகள் லீன், பத்தொன்பது வயது, சுற்றி வளைக்காமல் கேட்டாள். ஒரு ஞாயிறு மதியம், நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, அப்பாவிடம்: “இவங்களுக்கு உன்னைப் பிடிச்சிருக்கா, இந்த நாட்டைப் பிடிச்சிருக்கா?”

“நாட்டைப் பிடிக்கலைன்னு தினமும் சொல்றா” என்றார் ரூடி. லீன் சிரிக்கவில்லை. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதைக் குறைத்துக்கொண்டாள். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறாள்.

3

போன ஆண்டு ஜூலையில் மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனேன். மணமாகாதவர் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன். கிராம நிர்வாக அலுவலரின் (வி.ஏ.ஓ.) அலுவலக உதவியாளர் தெருவில் வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், பிறகு வருவாய் ஆய்வாளர் பார்ப்பார், பிறகு தாசில்தார் ஒப்புதல் தருவார். பத்து நாளில் வந்துவிடும் என்றார்கள். ஆறாம் நாள் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது.

நேரில் போய்க் கேட்டேன். வி.ஏ.ஓ. ஓர் இளம் பெண். மரியாதையாகத்தான் பேசினார். “உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாகத் தெருவில் ஒருவர் சொல்கிறார் மேடம்” என்றார். யார் என்று சொல்ல மறுத்துவிட்டார்.

எனக்கு முதலில் அண்ணன் மீதுதான் சந்தேகம் வந்தது. என் அண்ணன் ஜெரால்டு அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ரூடி விஷயத்தை நான் சொன்ன நாளிலிருந்து அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ‘ஆவட்டும்’, ‘பாப்போம்’, இவ்வளவுதான். சான்று கிடைக்காமல் போனால் எல்லாம் தானாக நின்றுவிடும் என்று அவர் நினைத்திருக்கலாம். அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போதே அவரிடம் கேட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். ஆனால் பக்கத்து வீட்டு வாசலில் லூர்து அக்கா முந்திக்கொண்டார்.

“இன்னாடி ஸ்டெல்லா, வி.ஏ.ஓ. ஆபீஸ்லேர்ந்து ஆளு வந்து உன்னப் பத்தி கேட்டுகினு போறான்? இன்னா விசயம்?”

“நீ என்ன சொன்னே அக்கா?”

“கண்ணாலம் ஆயிடிச்சின்னு சொன்னேன்.”

“எனக்கா? எப்ப ஆச்சு?”

“மூணு ஓல வாச்சாங்களே! நானே கோயில்ல மொத பெஞ்சுல குந்திகினு கேட்டேனே. அப்பறம் நான் பொண்ணு பிரசவத்துக்கு பெரம்பூர் பூட்டேன், ஆறு மாசம். திரும்பி வந்தப்ப நீ அங்க இங்க வேலைக்குப் போய்கினு இருந்தே. அப்பறம் ஃபாரின் பூட்டே. புருசன் மொதல்லேர்ந்தே வெளியூர்ல கீறாருன்னு நெனச்சினு இருந்தேன்.”

“இருபத்திரண்டு வருஷமாவா?”

“நான் இன்னாத்துக்கு அடுத்தவங்க ஊட்டு விசயத்த நோண்டணும்?” என்றார் லூர்து அக்கா. தெருவில் எல்லோர் வீட்டு விஷயத்தையும் நோண்டுபவர் அவர்.

ஓலை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களில் கல்யாணம் நிச்சயமானால், அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குத்தந்தை பெயர்களை அறிவிப்பார். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை எதுவும் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்பார். எனக்கு இருபத்தாறு வயதில் மூன்று ஓலையும் வாசித்தார்கள். மாப்பிள்ளை வானகரத்துக்காரர். எஸ்டேட்டில் ஒரு நிறுவனத்தில் மேற்பார்வையாளர் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாம் ஓலைக்கு மறுநாள், மதிய உணவு இடைவேளையில், என் தொழிற்சாலையிலிருந்து இரண்டு தெரு நடந்துபோய் அந்த நிறுவனத்தின் வாசலில் இருந்த காவலாளியிடம் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் பேச்சில் ஏதோ ஒன்று எனக்கு ஒட்டவில்லை. அவ்வளவுதான் காரணம்.

“அந்தப் பையனா? நின்னு நாலு மாசம் ஆச்சேம்மா” என்றார் காவலாளி.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். அப்பா அப்போது உயிரோடு இல்லை. பங்குத்தந்தையிடம் போய்ச் சொன்னவரும், பத்திரிகை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி நடந்தவரும் அண்ணன்தான். வேலை போன விஷயத்தை அந்த மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொல்லியிருப்பாரோ, சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தாரோ, எனக்குத் தெரியாது. அவரிடம் நான் கேட்கவே இல்லை. காவலாளியிடம்தான் கேட்டேன். இது எனக்குப் பின்னால்தான் உறுத்தியது.

லூர்து அக்கா பொய் சொல்லவில்லை, கேட்டதைச் சொன்னார். மறுநாள் பங்குக் கோயிலுக்குப் போனேன். இப்போதைய பங்குத்தந்தை பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்தார். ஓலை வாசித்த பதிவு இருந்தது. அதன் ஓரத்தில் ‘பெண் வீட்டார் கேட்டுக்கொண்டபடி நிறுத்தப்பட்டது’ என்று எழுதியிருந்தது. திருமணப் பதிவேட்டில் என் பெயர் இல்லை. இரண்டையும் குறிப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கொடுத்தார். அதைப் பார்த்ததும் வி.ஏ.ஓ. திருப்தியடைந்தார். லூர்து அக்கா நேரில் வந்து, “ஆவலியாம், நான்தான் தப்பா நெனச்சிட்டேன்” என்று கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு வெளியே வந்து என்னிடம், “அப்ப இத்தினி வருசமா நீ சும்மாவா கீறே?” என்றார்.

4

கடைசி எட்டு நாள் ரூடியும் வந்திருந்தார். என் வீட்டைப் பார்க்காமல் என்னோடு பதிவு செய்வது சரியல்ல என்றார். லூர்து அக்கா அவரைப் பார்த்ததும், “வாங்க தொரே, எங்க தெருல லிப்டு கெடையாது” என்று தமிழிலேயே சொல்லி உரக்கச் சிரித்தார். நான் மொழிபெயர்த்ததும் ரூடியும் சிரித்தார்.

அண்ணன் அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மாடித் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் ஓடவில்லை. ரூடி தன் திருப்புளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அண்ணனும் பின்னால் போனார். மாலை நான்கு இருபதுக்குப் போனவர்கள் ஐந்து மணிக்குத்தான் இறங்கினார்கள். மோட்டார் ஓடத் தொடங்கிய சத்தம் எனக்கு நான்கரைக்கே கேட்டுவிட்டது. மீதி அரைமணி நேரம்?

அண்ணனுக்கு எஸ்டேட் ஆங்கிலம். ரூடிக்கு லிஃப்ட் கையேட்டு ஆங்கிலம். அரைமணி நேரம் பேச இருவருக்கும் என்ன இருக்கிறது?

“என்ன பேசினீர்கள்?” என்று ரூடியிடம் கேட்டேன்.

“மோட்டார்” என்றார்.

“இன்னா பேசினே?” என்று அண்ணனிடம் கேட்டேன்.

“மோட்டாரு” என்றார்.

இருவரும் ஒரே பதிலைச் சொன்னதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

5

செப்டம்பரில் ஆவணங்களைக் கோப்பாக்கி நகர அலுவலகத்தில் கொடுத்தேன். இங்கே நான் செய்த தவறைப் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் கேட்டது மணமாகாதவர் சான்று மட்டும். அந்தச் சான்றில் ‘பங்குத்தந்தையின் கடிதம் பார்க்கப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தது. ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தைக் குறிப்பிட்டால் அந்த இன்னொன்றும் கோப்பில் இருக்க வேண்டும் என்பது இருபது ஆண்டு ஆய்வுப் பிரிவு எனக்குக் கற்றுக்கொடுத்தது. பங்குத்தந்தையின் கடிதத்தையும் டச்சில் மொழிபெயர்த்து, வரிசை எண் போட்டு இணைத்துவிட்டேன். கள்ளிக்குப்பத்து அம்மாவுக்கு நான் சொன்ன ஒரே அறிவுரை இதுதான்: கேட்காத காகிதத்தைக் கொடுக்காதீர்கள்.

கோப்பை நானே தயாரித்து நானே கொண்டுபோனேன். ரூடி கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மட்டும் காகிதத்தை மடித்து நீட்டினேன். அந்தக் கடிதம் அவர் கண்ணில் படவில்லை. படக்கூடாது என்று நான் நினைத்தது உண்மை. கல்யாணம் நின்றதில் எனக்கு வெட்கமில்லை. ஏன் நின்றது என்று அவர் கேட்பார், காவலாளியிடம் போனதைச் சொல்ல வேண்டிவரும். அதுதான் எனக்கு வேண்டாம் என்றிருந்தது.

அக்டோபரில் முடிவை ஒத்திவைப்பதாகக் கடிதம் வந்தது. உறவு உண்மையானதா என்று விசாரிக்கப்படும். ஒரு செவ்வாய் காலை ஏழேகாலுக்கு வட்டாரக் காவலர் வந்து மணி அடித்தார். அறுபதை நெருங்கியவர், நரைத்த மீசை, வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. குளியலறையில் பல் துலக்கும் பிரஷ்களைப் பார்த்தார். அலமாரியைத் திறக்க அனுமதி கேட்டு, திறந்து பார்த்தார். பிறகு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார்.

அங்கேதான் நின்றுவிட்டார். மேல் தட்டில் ‘ஸ்டெல்லா’ என்றும் கீழ்த் தட்டில் ‘ரூடி’ என்றும் நான் சீட்டு ஒட்டியிருந்தேன். சமையலறை டப்பாக்களிலும் அப்படித்தான். ரூடிக்கு மிளகாய் ஆகாது, வயிறு எரியும். தெரியாமல் என் பொடி போட்ட டப்பாவைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒட்டியது.

“மாணவர் விடுதியில் இப்படிப் பார்த்திருக்கிறேன்” என்றார் காவலர். “ஒரு வீட்டில் பார்த்ததில்லை.”

காரணத்தை விளக்கினேன். தலையசைத்தபடி எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் போனதும் ரூடி ஒரு சீட்டைப் பிய்க்கப் போனார். “இப்போது எடுத்தால், அவர் திரும்ப வந்து பார்த்தால் இன்னும் மோசம்” என்று தடுத்தேன். சீட்டுகள் இருந்தன.

6

நவம்பரில் இருவரையும் தனித்தனியாக விசாரிக்கக் காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். அதற்கு முன் என்னைப் பற்றி நான்கு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி ரூடியிடம் கொடுத்தேன். பெற்றோர் பெயர், படித்த பள்ளி, இந்த நாட்டுக்கு வந்த நாள், எனக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகள். அவர் ஒரு வாரம் அதன் மேல் காப்பிக் கோப்பையை வைத்தார்.

“படித்தீர்களா?”

“இல்லை.”

“கேட்டால் என்ன சொல்வீர்கள்?”

“தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன்.”

“தெரியாது என்று சொன்னால் நான் ஜனவரியில் விமானம் ஏற வேண்டும் ரூடி.”

“மனப்பாடம் செய்தால் எனக்கு முகம் சிவக்கும். பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான்.”

அவருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு அன்று சந்தேகம் வந்தது. இப்போது அதை எழுதக் கூச்சமாக இருந்தாலும், வந்தது வந்ததுதான்.

முதலில் ரூடியை உள்ளே அழைத்தார்கள். நாற்பது நிமிடம். பிறகு என்னை, ஒரு மணி ஐம்பது நிமிடம். அதே மீசைக் காவலர்தான் கேட்டார். போன ஞாயிறு என்ன சாப்பிட்டீர்கள், யார் முதலில் எழுந்தது, கட்டிலில் யார் எந்தப் பக்கம், அவர் எதற்குக் கடைசியாகக் கோபப்பட்டார். எல்லாவற்றுக்கும் நேரத்தோடு பதில் சொன்னேன். என் டச்சு மாலை வகுப்பில் படித்தது. ஒவ்வொரு வாக்கியமும் எழுவாய், பயனிலையோடு முழுதாகத்தான் வரும். சொல்லச் சொல்ல எனக்கே அது ஒப்பிப்பதுபோல் கேட்டது.

“எல்லாம் இவ்வளவு துல்லியமாக எப்படி நினைவிருக்கிறது?”

“நாட்குறிப்பு எழுதுகிறேன்.”

“எப்போதிலிருந்து? இந்த விண்ணப்பத்துக்காகவா?”

“பத்தொன்பது வயதிலிருந்து.”

எழுதுவதை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கோப்பைப் புரட்டி, நான் வரிசை எண் போட்ட ஒரு காகிதத்தை எடுத்தார். பங்குத்தந்தையின் கடிதம்.

“இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் உங்களுக்குத் திருமணம் அறிவிக்கப்பட்டு நின்றுபோயிருக்கிறது. நிறுத்தியது நீங்கள். சரியா?”

“சரி.”

“உங்கள் துணைவருக்கு இது தெரியுமா?”

“தெரியாது” என்றேன்.

அந்த ஒரு பதிலை மட்டும் யோசிக்காமல் சொன்னேன்.

7

பத்து நாள் கழித்து இருவரையும் ஒன்றாக வரச் சொன்னார்கள். இது வழக்கமில்லை என்று ரூடியின் நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். முரண்பாடு இருந்தால்தான் ஒன்றாகக் கூப்பிடுவார்களாம். போகிற வழியெல்லாம் ரூடி என்னென்ன தவறாகச் சொல்லியிருப்பார் என்று நான் கணக்கிட்டேன். என் பிறந்த நாள், அண்ணன் பெயர், நான் காப்பிக்குச் சர்க்கரை போடுவதில்லை என்பது.

காவலர் இரண்டு வாக்குமூலங்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார்.

“உங்கள் துணைவர் உங்கள் பிறந்த மாதத்தைத் தவறாகச் சொன்னார். ஞாயிறு சாப்பிட்டதும் தவறு” என்றார் என்னிடம். “அதெல்லாம் பரவாயில்லை, என் மனைவியிடம் கேட்டாலும் அப்படித்தான். இது ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. முன்பு நின்ற திருமணத்தைப் பற்றி இவருக்குத் தெரியாது என்று நீங்கள் சொன்னீர்கள். உங்களிடம் கேட்டபோது” என்று ரூடியைப் பார்த்தார், “தெரியும் என்றீர்கள். யாராவது ஒருவர் பொய் சொல்கிறீர்கள். யார்?”

நான் ரூடியின் பக்கம் திரும்பினேன். அவர் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இரண்டுமே சரி” என்றார் ரூடி. “எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது இவளுக்குத் தெரியாது.”

“ஏன் சொல்லவில்லை?”

“அவள் சொல்லவில்லையே. அவள் சொல்லட்டும் என்றிருந்தேன்.”

“யார் சொன்னார்கள் உங்களுக்கு?” இதைக் கேட்டது காவலர் அல்ல, நான். கேட்டதும் தமிழில். ரூடிக்குப் புரியவில்லை, காவலருக்கும் புரியவில்லை. ஆனால் என் முகத்தைக் காவலர் வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். “இதை நடித்துக் காட்ட முடியாது” என்று ரூடியிடம் சொன்னார். அது நல்லதற்குச் சொன்னதா என்று அன்று முழுதும் நான் குழம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி கேட்டேன், இந்த முறை டச்சில். யார் சொன்னது என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை. “நல்ல எண்ணத்தில் சொன்னார்கள்” என்றார். எனக்கு அந்தச் சொல்தான் பயம். எங்கள் தெருவில் யாரும் யாரைப் பற்றியும் கெட்ட எண்ணத்தில் எதுவும் சொன்னதில்லை.

8

டிசம்பர் மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. பதிவு ஏற்கப்பட்டது. ஆறாம் எண் கவுண்ட்டரில் இருவரும் கையெழுத்துப் போட்டோம், ஏழு நிமிடம் ஆயிற்று. வீட்டுக்கு வந்து அண்ணனை அழைத்தேன். ஊரில் அப்போது மாலை. பட்டறையில் லேத் ஓடும் சத்தம் பின்னால் கேட்டது.

“ஆயிடிச்சா?” என்றார். “சரி. சந்தோஷம்.”

“நீதானே சொன்னே?”

“இன்னாது?”

“மாடியில. மோட்டார் ரிப்பேர் பண்றப்ப. ஓலை வாசிச்சது, நின்னுபோனது. நீதானே ரூடிகிட்ட சொன்னே?”

லேத் நின்றது. அவரே நிறுத்தியிருக்க வேண்டும்.

“ஆமா, நான்தான் சொன்னேன். நாளைக்கு லூர்து அக்கா மாதிரி எவனாவது வாய விட்டு, அந்த மனுசன் உன்னத் தப்பா நெனச்சிடக் கூடாதில்ல? ஓலைய மட்டும் சொல்லல. நீ வாட்ச்மேன்கிட்ட போயி கேட்டதையும் சொல்ட்டேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

“அதை எதுக்குச் சொன்னே?”

“அவரு தெரிஞ்சிகினு உன்னக் கூட்டினு போவணும்னுதான். இவ இப்டித்தான், பின்னாடி போயி கேப்பா, உனுக்கு ஓகேவான்னு கேட்டேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

அண்ணன் சிரித்தார். அந்தக் கல்யாணத்தைப் பற்றிய பேச்சில் இருபத்திரண்டு ஆண்டில் அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்முறை.

“‘எங்க கம்பெனிக்கும் வந்து கேட்டாளே’ன்னாரு! நீ அந்தாண்ட போனதும் ரிசப்ஷன் பொண்ணு அவருக்குப் போனு போட்டுச்சாம். ‘ஒரு இந்தியா லேடி வந்து நீ இங்கதான் வேலை செய்றியான்னு கேட்டுட்டுப் போவுது, யாரு உன் ஆளா?’ன்னு. இன்னா பொம்பள நீ? அங்க போயும் அதே வேலயா?”

உண்மைதான். ரூடியோடு பழகி மூன்றாம் மாதம், ஒரு புதன்கிழமை பிற்பகல், அரைநாள் விடுப்பு எடுத்து, இரண்டு பேருந்து மாறி அந்த லிஃப்ட் நிறுவனத்துக்குப் போனேன். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. அந்தச் சனிக்கிழமை ரூடி வழக்கம்போல வந்தார். ரொட்டி வாங்கிவந்தார். என் காப்பித் தூளைக் குறை சொன்னார். எதையும் கேட்கவில்லை. இவ்வளவு நாளாக எதையும் கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். ரூடி ஏணி மேல் நின்று திரைச்சீலைக் கம்பியை மாட்டிக்கொண்டிருந்தார்.

“உங்கள் அலுவலகத்துக்கு நான் வந்தது உங்களுக்குத் தெரியுமாமே” என்றேன்.

அவர் திரும்பவில்லை. “ம்” என்றார்.

“ஏன் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை?”

ஒரு திருகாணியை வாயிலிருந்து எடுத்தார். “கேட்டிருந்தால், அடுத்த முறை எனக்குத் தெரியாமல் விசாரிக்க வேறு வழி கண்டுபிடித்திருப்பாய். அங்கே வந்து கேட்பது பரவாயில்லை. அவர்கள் என்னைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார்கள்.”

இந்தப் பதிலை நான் முழுதாக நம்பவில்லை. ஓராண்டு ஆகியும் நம்பவில்லை. ஏணி லேசாக ஆடியது. போய்ப் பிடித்துக்கொண்டேன்.